மின்பணியாளருக்கு இன்ஷூரன்ஸ்: கடமையும் செலவும்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர்)

நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் புதிதாக வந்த காலத்தில் தெருவுக்கு ஒரு விளக்கு எரிவதே பெரிய காரியமாக இருந்தது. இன்று குடிசை வீட்டிலும் விசிறி சுழல்கிறது. கிணற்றில் மோட்டார், அடுக்களையில் அரைவை இயந்திரம், கூரைமேல் சூரிய ஒளித் தகடு என்று மின்சாரத்தின் பயன் நாள்தோறும் பெருகி வருகிறது. இவற்றையெல்லாம் பொருத்திக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஒவ்வோர் ஊரிலும் மின்பணியாளர் சிலர் தோன்றியுள்ளனர். பெரும்பாலோர் தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர். ஓர் உதவியாளையோ இருவரையோ உடன் வைத்துக்கொண்டு சிறு அளவில் தொழில் நடத்துவோர்.

உழவருக்குப் பயிர் இன்ஷூரன்ஸ் பற்றியும் கால்நடை வளர்ப்போருக்கு மாட்டு இன்ஷூரன்ஸ் பற்றியும் நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். மின்பணியாளருக்கோ இன்ஷூரன்ஸ் தேவை என்னும் எண்ணமே இன்னும் பரவவில்லை. தம் தொழிலில் உள்ள அபாயத்தை அவர்கள் நன்கு அறிவர். ஆனால் அபாயம் நேர்ந்தபின் யார் பணம் தர வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பலர் அறியார். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கனகசெட்டிக்குளமும் அதன் மின்பணியும்

விளக்கத்திற்கு எளிதாக இருக்கும் பொருட்டு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கனகசெட்டிக்குளம், புதுச்சேரியின் வடகோடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவர் ஊர். தெற்கே காலாப்பட்டும், 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகமும் உள்ளன. வடக்கே சென்றால் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடுகிறது. அப்பக்கம் மரக்காணம் வரையிலும், இப்பக்கம் ஆரோவில், காலாப்பட்டு முதலிய இடங்களிலும் கட்டட வேலைக்குக் குறைவில்லை. ஆகவே இங்குள்ள மின்பணியாளர் காலையில் புதுச்சேரி எல்லைக்குள்ளும் மாலையில் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் வேலை செய்வது சாதாரணம்.

கடலோர ஊர்களில் மின்பணிக்கு இயல்பாகவே இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. அது சுவிட்சுப் பெட்டியின் திருகாணிகளையும் எர்த் கம்பியையும் அரித்துவிடும். வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் எர்த், உள்ளே அறுந்து கிடக்கும். மற்றொன்று புயல். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. புயல் ஓய்ந்த மறுநாளே, ஈரம் உலராத சுவர்களிலும் சாய்ந்த கம்பங்களின் அருகிலும் முதலில் கை வைப்பவர் மின்பணியாளரே. இவ்வளவு அபாயத்திற்கிடையே வேலை செய்பவர், கையில் பாலிசி ஒன்றும் இல்லாமல் இருப்பது எத்தகைய துணிச்சல் என்பதைப் பின்வரும் கணக்கு காட்டும்.

முதற்கண் உரிமம்

இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசுமுன் உரிமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின் அமைப்பு வேலையை, மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலமே செய்தல் வேண்டும் என்பதும், தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் அவ்வேலை நடைபெறல் வேண்டும் என்பதும், கம்பி இழுப்பவரும் உரிய அனுமதிச் சீட்டு உடையவராக இருத்தல் வேண்டும் என்பதும் 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே கூறப்பட்டவை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இலும், பின்னர் 2023இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்நெறி தொடர்கிறது. பழுதான பல்பு, ஃபியூஸ், சுவிட்சு போன்றவற்றை மாற்றும் சில்லறை வேலைகளுக்கு மட்டுமே விலக்கு.

உரிமத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பாலிசி என்பது ஓர் ஒப்பந்தம். தொழிலைச் சட்டப்படி நடத்துவேன் என்பது அதில் அடங்கிய உறுதிமொழி. உரிமம் இல்லாதவர் செய்த வேலையில் விபத்து நேர்ந்தால், நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வியே அதுவாக இருக்கும். ஆகவே உரிமம் இல்லாதவர் பாலிசிக்குச் செலவிடும் பணம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீராகக் கூடும். எல்லையோர ஊரில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஓர் அரசு வழங்கிய உரிமத்தை அடுத்த அரசு ஏற்றுக்கொண்டால்தான் அங்கே அது செல்லும். கனகசெட்டிக்குளத்தவர் ஒருவர் எல்லைக்கு அப்பால் வேலை எடுக்குமுன், தம் உரிமம் அங்கு ஏற்கப்படுமா என்பதைத் தமிழ்நாட்டு மின் உரிம வாரியத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்துகொள்வது நலம்.

உதவியாள் வைத்தவர் முதலாளியே

மின்பணியாளருள் பலர் தம்மைத் தொழிலாளி என்றே கருதுகின்றனர். அது உண்மையும் ஆகும். ஆனால் தினக்கூலிக்கு ஓர் உதவியாளை அமர்த்திய கணத்திலிருந்து, சட்டத்தின் பார்வையில் அவர் முதலாளியும் ஆகிவிடுகிறார். எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டுமென்பதில்லை, வாய்ச்சொல் போதும். நாள் கணக்கில் வந்துபோகும் ஆளாயிற்றே என்று தள்ளவும் இயலாது. தற்காலிக ஆட்களுக்கு முன்பிருந்த விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. தொழில் பழகுநராக முறைப்படி சேர்ந்த மாணவருக்கும் 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் இதே பாதுகாப்பை அளித்தது.

வேலையின் போதும் வேலையின் காரணமாகவும் தொழிலாளிக்கு நேரும் காயத்துக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வகுத்த நெறி. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின், இக்கடமை அத்தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்தில் இடம் பெற்றுள்ளது. சட்டத்தின் பெயர் மாறியதேயன்றிப் பொறுப்பு குறையவில்லை.

தொகையைக் கணக்கிடும் முறை இது. மரணம் நேர்ந்தால், மாதக் கூலியில் பாதியை எடுத்து, இறந்தவரின் வயதுக்கு உரிய அட்டவணை எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தரமாக முற்றிலும் உழைக்க இயலாமற் போனால், பாதிக்குப் பதிலாக நூற்றுக்கு அறுபது பங்கை எடுத்துப் பெருக்க வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி, கணக்கில் கொள்ளத்தக்க மாதக் கூலியின் உச்ச அளவு 15,000 ரூபாய்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலியில் மாதம் 25 நாள் வேலை செய்யும், 30 வயதான உதவியாள் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதக் கூலி 15,000 ரூபாய். அட்டவணையில் 30 வயதுக்கு உரிய எண் 207.98.

மரணம் நேர்ந்தால்: 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய்.

நிரந்தர முழு ஊனமானால்: 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய்.

ஒரு கையை இழந்தால், அட்டவணைப்படி உழைப்புத் திறனில் 60 விழுக்காடு போனதாகக் கொள்ளப்படும்: 11,23,092 ரூபாய்.

மின்சாரத் தீக்காயத்தால் கையை எடுக்க நேருவது அரிதன்று என்பதை இத்தொழிலில் உள்ளோர் அறிவர். இத்தொகைகளுடன் மருத்துவச் செலவும் முதலாளியைச் சேரும். கடமை தோன்றி ஒரு மாதத்திற்குள் பணம் கட்டாவிடில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு. தகுந்த காரணமின்றித் தாமதித்தால், தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். மேற்சொன்ன மரண இழப்பீட்டுக்கு ஓராண்டு வட்டி மட்டும் 1,87,182 ரூபாய். ஒரு வீட்டுக்குக் கம்பி இழுத்துச் சில ஆயிரம் லாபம் காணும் சிறு தொழிலாளி, வீட்டையும் மனைவியின் நகையையும் விற்றாலும் இத்தொகையைக் கட்ட இயலுமா?

ஊர் சமாதானம் போதாது

நம் ஊர்களில் இத்தகைய விபத்து நேர்ந்தால், பெரியவர்கள் கூடி இரு தரப்பையும் அழைத்து, ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து முடித்துக்கொள்ளுமாறு சொல்வது வழக்கம். அவர்களுடைய எண்ணம் நல்லதே. ஆனால் மரண இழப்பீட்டைப் பொறுத்தவரை, இறந்தவர் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம் சட்டப்படி இழப்பீடு கொடுத்ததாகாது. தொகையை உரிய இழப்பீட்டு அதிகாரியிடமே செலுத்துதல் வேண்டும். அவரே மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்குப் பங்கிட்டுத் தருவார். மூன்று மாதக் கூலிக்கு மேற்படாத முன்பணத்தை மட்டும் நேரிற் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆதலின் சமாதானம் செய்து கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று முதலாளி நிம்மதி அடைவதற்கில்லை. பதினைந்து லட்சத்துக்கு உரியவர்களை ஒரு லட்சத்தோடு அனுப்பிவிடுவதும் நியாயமன்று. இளம் விதவை ஒருத்தி, பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளோடு வாழ வேண்டிய காலம் நெடியது.

பிரீமியம் எவ்வளவு?

இவ்வளவு பெரிய சுமையைத் தாங்குவதற்கு ஏற்பட்டதே ஊழியர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ். யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு அரசுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் இதனை வழங்குகின்றன. முதலாளி சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டை அவருக்குப் பதிலாக நிறுவனம் தருகிறது. இந்தப் பாலிசியை எடுத்தே தீர வேண்டும் என்று மேற்சொன்ன சட்டம் கூறவில்லை. பொறுப்பு கட்டாயம், பாலிசி அவரவர் விருப்பம். ஆயினும் அரசு அலுவலகங்களும் பெரிய நிறுவனங்களும் ஒப்பந்த வேலை கொடுக்குமுன் இந்தப் பாலிசியின் நகலைக் கேட்பது வழக்கமாகியுள்ளது.

பிரீமியம் இரண்டைப் பொறுத்தது: ஓராண்டில் கொடுக்கும் மொத்தக் கூலி ஒன்று; தொழிலின் அபாய வகை மற்றொன்று. ஆயிரம் ரூபாய் கூலிக்கு இத்தனை ரூபாய் என்று வீதம் குறிக்கப்படும். 2007 ஜனவரி முதல் நாளிலிருந்து இவ்வீதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே நிர்ணயித்துக்கொள்கிறது. வீட்டுக்குள் கம்பி இழுப்போருக்கு ஒரு வீதமும், கம்பத்தில் ஏறுவோருக்கு அதனினும் கூடுதலான வீதமும் சொல்லப்படலாம். ஆகவே இரண்டு மூன்று நிறுவனங்களில் விசாரித்த பின்பே முடிவு செய்தல் வேண்டும்.

கணக்கு விளங்கும் பொருட்டு மட்டும், வீதம் ஆயிரத்துக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உதவியாட்கள் இருவர், ஒவ்வொருவருக்கும் மாதம் 15,000 ரூபாய். ஆண்டுக் கூலி மொத்தம் 3,60,000 ரூபாய். பிரீமியம் 5,400 ரூபாய். இதன் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 972 ரூபாய். ஆக மொத்தம் 6,372 ரூபாய். ஆண்டில் 300 வேலை நாள் எனக் கொண்டால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 ரூபாய் 60 காசு. வீதம் இதனைப்போல் இரு மடங்கே ஆனாலும், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை தேநீர் அருந்தும் செலவுக்கு மேற்படாது. பதினைந்து லட்சத்தின் முன் இது எம்மாத்திரம்?

இச்செலவை மின்பணியாளர் தம் லாபத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கம்பி, குழாய், கூலி ஆகியவற்றை மதிப்பீட்டில் எழுதுவதுபோல, இன்ஷூரன்ஸ் என்றும் ஒரு வரி எழுதலாம். வீட்டுக்காரரிடம் அதன் காரணத்தை எடுத்துச் சொன்னால், மறுப்போர் சிலரே இருப்பர்.

பாலிசி எடுக்கையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கூலியையும் ஆட்களின் எண்ணிக்கையையும் உள்ளபடி சொல்லுதல். பிரீமியத்தைக் குறைக்கும் பொருட்டு நால்வரை இருவர் என்று எழுதுவோர், விபத்து நேரும் நாளில் அதன் பயனை அனுபவிப்பர். கூலியை வங்கி மூலமோ கைப்பேசி மூலமோ செலுத்தினால் அதுவே சாட்சியாகும்.

இரண்டாவது, வேலை நடைபெறும் இடம். கனகசெட்டிக்குளம் போன்ற எல்லையோர ஊரார், வேலையிடம் புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரண்டிலும் உண்டு என்பதைப் பாலிசியில் தெளிவாக எழுதச் செய்தல் வேண்டும். கடையின் முகவரியை மட்டும் எழுதிவிட்டு மரக்காணத்தில் வேலை செய்தால் வீண் வழக்குக்கு இடமாகும்.

மூன்றாவது, வேலையின் தன்மை. வீட்டு வயரிங் என்று மட்டும் எழுதியவர் கூரைமேல் ஏறிச் சூரியத் தகடு பொருத்தினால், அந்த வேலைக்கும் பாதுகாப்பு உண்டா என்பது ஐயமாகிவிடும். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பின்னர், இத்தகைய வேலைகள் கிராமங்களிலும் வரத் தொடங்கியுள்ளன. உயரத்தில் செய்யும் வேலை என்பதைத் தனியே சொல்லிச் சேர்த்துக்கொள்க.

நான்காவது, மருத்துவச் செலவு. இதனைச் சில பாலிசிகள் தனிக் கட்டணம் பெற்றே ஏற்கின்றன. அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. தாமதத்திற்காக விதிக்கும் அபராதத்தையோ பொதுவாக நிறுவனம் ஏற்பதில்லை.

ஐந்தாவது, உள்ஒப்பந்தம். தம் வேலையில் ஒரு பகுதியை மற்றொருவரிடம் ஒப்படைத்தால், அவருடைய ஆட்களும் பாலிசியில் சேர்க்கப்பட்டுள்ளனரா என்று பார்த்தல் வேண்டும்.

தொழில் வளர்ந்து ஆட்கள் பத்துப் பேருக்குக் குறையாமற் போனால் ஈ.எஸ்.ஐ. திட்டம் வந்துவிடும். 2019 ஜூலை முதல் இதற்குரிய சந்தா, கூலியில் முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு. ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பில் உள்ள தொழிலாளிக்கு விபத்துப் பலனை அக்கழகமே தருவதால், அவருக்கு முதலாளி தனியே இழப்பீடு தர வேண்டுவதில்லை.

பிறர் உயிருக்கும் உடைமைக்கும்

இதுகாறும் கூறியது உதவியாளைப் பற்றியது. வேலை முடித்துக் கொடுத்த வீட்டில் சில நாள் கழித்துத் தீப்பிடித்தால் என்ன ஆகும்? குளியலறை வெந்நீர்க் கருவியில் மின்கசிவு ஏற்பட்டு ஒருவர் உயிர் போனால் என்ன ஆகும்? காரணம் வேலையின் குறையே என்று மெய்ப்பிக்கப்பட்டால், நஷ்டத்துக்கு மின்பணியாளரே பொறுப்பாவார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிடில் முறையீட்டுக் கட்டணம்கூட இல்லை. வீட்டுக்காரர் தம் வீட்டைத் தீ இன்ஷூரன்ஸ் செய்திருந்தால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவதற்கும் இல்லை. அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், அவர் இடத்தில் தான் நின்று, தீக்குக் காரணமானவரிடம் அப்பணத்தைக் கேட்கும் உரிமை உடையது.

இத்தகைய பொறுப்புக்கு உரியது பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ். 1991ஆம் ஆண்டில் இதே பெயருடன் வந்த சட்டத்தையும் இதனையும் சிலர் ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றனர். அச்சட்டம் அபாயகரமான இரசாயனப் பொருள்களைக் கையாளும் தொழில்களுக்கானது. மின்பணியாளரை அது கட்டாயப்படுத்துவதில்லை. அவர் எடுப்பது தாமாக எடுக்கும் பாலிசி. ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் அதில் குறிக்கப்படும். ஆண்டு வருமானமும் இவ்வரம்புகளும் பிரீமியத்தைத் தீர்மானிக்கும். வேலை நடக்கும்போது நேரும் நஷ்டத்துக்கு மட்டுமா, வேலையை ஒப்படைத்த பின் நேரும் நஷ்டத்துக்கும் உண்டா என்று கேட்டறிதல் மிக முக்கியம். மின்பணியின் குறை பெரும்பாலும் பின்னரே வெளிப்படும் அன்றோ?

பிற நாடுகளில் இது எவ்வாறு உள்ளது என்பதையும் பார்க்கலாம். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சு நாட்டில் உறவினர் உண்டு. அங்கே 1978 ஜனவரி 4ஆம் நாளைய சட்டப்படி, கட்டட வேலை செய்வோர் தம் வேலையால் கட்டடத்திற்கு நேரும் பெருங்குறைகளுக்குப் பத்தாண்டுப் பொறுப்பு ஏற்று, அதற்கு இன்ஷூரன்ஸும் செய்தாக வேண்டும். கட்டடத்தில் மின்அமைப்பு வேலை செய்வோரும் இதில் அடங்குவர். பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆள் வைத்து வேலை வாங்குவோர் 50 லட்சம் பவுனுக்குக் குறையாமல் முதலாளி பொறுப்பு இன்ஷூரன்ஸ் எடுத்தல் கட்டாயம். நம்மவர் பலர் உழைக்கும் சிங்கப்பூரில், உடலுழைப்புத் தொழிலாளர் அனைவருக்கும், சம்பளம் எவ்வளவாயினும், வேலையிடக் காய இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். அங்கெல்லாம் சட்டம் வற்புறுத்துவதை இங்கே நம் அறிவு வற்புறுத்த வேண்டியுள்ளது.

தமக்கென ஒரு பாதுகாப்பு

உதவியாளுக்கு இழப்பீடு தர முதலாளி உண்டு. தனித் தொழில் செய்யும் மின்பணியாளருக்கே விபத்து நேர்ந்தால் யார் தருவர்? ஒருவரும் இலர். மேற்சொன்ன ஊழியர் இழப்பீட்டுப் பாலிசியும் அவருக்குப் பயன்படாது. ஆகவே அவர் தமக்கெனத் தனியே விபத்து இன்ஷூரன்ஸ் எடுத்தல் இன்றியமையாதது.

மிகக் குறைந்த செலவில் கிடைப்பது, 2015 மே 9இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் திட்டம். 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 20 ரூபாய். வயது 18 முதல் 70 வரை. விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். அதனுடன் தொடங்கிய ஆயுள் இன்ஷூரன்ஸ் திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். எக்காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இரண்டும் ஜூன் முதல் மே வரையிலான ஆண்டுக்கு உரியவை. மே மாத இறுதியில் வங்கிக் கணக்கில் இத்தொகை இல்லாவிடில் பாதுகாப்பு அறுந்துபோகும். இது தொடக்கமே அன்றி முழுப் பாதுகாப்பு அன்று. இரண்டு லட்சம் ஒரு குடும்பத்தை எத்தனை நாள் தாங்கும்? வசதிக்கேற்பப் பத்து லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்றும் எடுப்பது நலம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு எடுக்கும் பாலிசியில், ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துப் பாதுகாப்பு இருப்பதைக் கண்டு, அதுவே போதும் என்பர் சிலர். அது வாகன விபத்துக்கு மட்டுமே உரியது. ஏணியிலிருந்து விழுந்தாலும் மின்சாரம் தாக்கினாலும் அதிலிருந்து ஒரு காசும் வராது.

கட்டட வேலைகளில் மின்பணி செய்வோர், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளலாம். வயது 18 முதல் 60 வரை. முந்திய ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். கட்டுவோரிடம் வசூலிக்கும் தீர்வையைக் கொண்டு இவ்வாரியங்கள் உதவி வழங்குகின்றன. உதவியாட்களையும் இதில் பதிவு செய்விப்பது முதலாளியின் நற்செயலாகும்.

பாலிசி மின்சாரத்தைத் தடுக்காது

இன்ஷூரன்ஸ் பணத்தைத் தரும். போன உயிரைத் தராது. ஆதலின் முதற் பாதுகாப்பு வேலையின் ஒழுங்கே. வேலை முடிந்தவுடன் 500 வோல்ட் மெக்கரால் கம்பியின் காப்பைச் சோதித்து, அது ஒரு மெகஓமுக்குக் குறையாமல் இருப்பதை உறுதி செய்க. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் கருவியைப் பொருத்துமாறு வீட்டுக்காரரை வற்புறுத்துக. கடலோர வீடுகளில் எர்த்தை ஆண்டுதோறும் அளந்து பார்க்கச் சொல்லுக. அளவுகளையும் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையொப்பம் பெறுக. மின்கசிவுக் கருவி வேண்டாமென்று அவர் மறுத்தால் அதனையும் எழுதி வைக்க. பின்னாளில் நஷ்ட வழக்கு வந்தால், இக்குறிப்பேட்டைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

விபத்து நேர்ந்துவிட்டால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, அடிபட்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. காவல் நிலையத்துக்கும் மின்துறைக்கும் மின் ஆய்வாளருக்கும் தகவல் தருக. விபத்து நடந்த இடத்தில் கம்பியையோ சுவிட்சையோ மாற்றி அமைத்தல் கூடாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றே எழுத்து மூலம் அறிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்க. நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், மனக்கசப்புடன் வீட்டில் அமர்ந்துவிட வேண்டாம். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்குரிய இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் சென்னையில் உள்ளார். மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் அவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சிறு தொழில் நடத்துவோருக்கும் இவ்வுரிமை உண்டு.

செய்ய வேண்டுவது

கனகசெட்டிக்குளம் போன்ற ஊரில் மின்பணியாளர் தனித்தனியே நிறுவனங்களை அணுகுவதைவிட, சுற்று வட்டாரத்தில் உள்ளோர் ஒரு சங்கமாகச் சேர்வது மேல். இன்ஷூரன்ஸ் பெறுவதற்கென்றே சேர்ந்த கூட்டத்துக்குக் குழுப் பாலிசி தருவதில்லை. ஆயினும் தொழில் முன்னேற்றம், பயிற்சி, கருவிகளைப் பகிர்தல் ஆகியவற்றுக்காக ஏற்பட்டு நடந்துவரும் சங்கம் குழு விபத்துப் பாலிசி கேட்கலாம். பலர் சேர்ந்து கேட்கும்போது வீதமும் இறங்கும். மெக்கர், எர்த் சோதனைக் கருவி போன்ற விலை மிகுந்த கருவிகளையும் அச்சங்கமே வாங்கி, எல்லோருக்கும் பயன்படச் செய்யலாம்.

ஊராரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். வீடு கட்டுவோர் மின்பணியாளரை அமர்த்தும்போது, உரிமம் உண்டா, உதவியாட்களுக்குப் பாலிசி உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். பாலிசி உள்ளவருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு அன்று. இருட்டில் இருந்த வீட்டுக்கு ஒளி கொண்டுவருபவர் அவர். அந்த வேலையினால் அவர் வீடும், அவருடைய உதவியாளின் வீடும் இருண்டுபோகாமல் காப்பதற்கு ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தோ இருபதோ ரூபாய் ஆகிறது. அதனை அடுத்த மதிப்பீட்டிலேயே எழுதத் தொடங்குவாராக.